பவர் ஹவுஸ் பக்கத்திலே, வீட்டிலே இருட்டு!
கம்பம் பள்ளத்தாக்கில் இன்வெர்ட்டர் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

தேனி-
லோயர்கேம்பில் மலை உச்சியிலிருந்து 4 ராட்சதக் குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்குகிறது. மின்சாரம் தயாராகிறது. ஆண்டிப்பட்டி பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனாலும் கம்பத்திலோ சின்னமனூரிலோ கரண்ட் போனால் போனதுதான்! இங்கே பிறக்கும் மின்சாரம் பெரிய லைனில் கலந்து ஊர் ஊராகப் போகிறது. தெருவில் போஸ்ட் சாய்ந்தால் பவர் ஹவுஸ் பக்கத்திலே இருந்தும் பயன் இல்லை.

2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. காற்று சீசன் முடிந்த பிறகு படுமோசம். கடன் வாங்கி இன்வெர்ட்டர் மாட்டியவர்கள் ஏராளம். அப்போதுதான் அடுத்த வில்லங்கம்! காலியான பேட்டரி நிரம்ப 10 மணி நேரமாவது வேண்டும். ஒரு மணி நேரம் வந்து, ஒரு மணி நேரம் போகிற கரண்டில் அது எப்படி நிரம்பும்? 'பெட்டி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டை. கோளாறு பெட்டியில் இல்லை, கணக்கில்!

கணக்கு இதுதான்

12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். அத்தனையும் கைக்கு வராது. இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும். ஒட்ட உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். 1,200 என்று வைத்துக்கொள்வது நல்லது.

பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட். இரண்டுக்கு 150. எல்.இ.டி. பல்பு 9 வாட்டில் நான்கு போட்டால் 36. ஆக 186 வாட். சுமார் ஆறரை மணி நேரம் ஓடும். அதே வீட்டில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி இரண்டு மாட்டினால் 12 மணி நேரம்! பெரிய பேட்டரிக்குப் பணம் கட்டும் முன் விசிறியை மாற்றிப் பார்க்கலாமே.

மிக்சி, அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாம் இந்தக் கணக்கில் வரக்கூடாது. அரை எச்.பி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது 370 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு! சின்ன இன்வெர்ட்டர் 'டப்' என்று நின்றுவிடும். மழை எச்சரிக்கை வந்ததும் மாடித் தொட்டியை நிரப்பி வைப்பதே வழி.

நாள் கணக்கில் போனால்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதம். டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் சார்ஜுக்கும் காசு! இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களுக்கும் முதல் நாளோடு சரி.

ஜெனரேட்டரில்தான் ஆபத்து அதிகம். மழை நனைக்கிறதே என்று அதை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார்.

இன்னொரு விபரீதம். சிலர் ஜெனரேட்டர் வயரை நேரே பிளக் பாயிண்டில் சொருகிவிடுகிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே ஓடும். டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11 ஆயிரம் வோல்ட் ஆகிவிடும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி போஸ்ட்டில் ஏறிய மின் ஊழியர் கதி? எலக்ட்ரீஷியனை வைத்து 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் போட்ட பிறகே ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்க்க வேண்டும்.