எந்தத் துண்டு உசத்தி?

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் ஒலிபப்புக்குப் பேர் வாங்கித் தந்தது மாட்டிறைச்சி ஸ்டேக். எந்தத் துண்டு உசத்தி என்ற சண்டை ஸ்டேக் பிரியர்களிடையே ஓய்வதில்லை. முதுகெலும்பின் அடியில், அதிகம் உழைக்காத தசையான அண்டர்கட்தான் மிருது என்பது ஒரு கட்சி. கொழுப்பு இழையோடும் விலாத் துண்டான ரிப்-ஐக்குத்தான் ருசி என்பது எதிர்க்கட்சி. ருசி கொழுப்பில்தான், இதயத்துக்குச் சங்கடமும் அங்கேதான். (இந்தியாவில் கிடைப்பது பெரும்பாலும் கொழுப்பு குறைந்த எருமை இறைச்சி என்பதால் சண்டையில் பாதி அடிபட்டுப் போகிறது.)

உடம்புக்கு ஆகுமா? சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. மாடு, ஆடு, பன்றி என எல்லா சிவப்பு இறைச்சியும் 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில். ஆக, மட்டன்காரர் முகம் சுளிக்க நியாயமில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் வகுத்திருக்கும் வரம்பு, வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் மாட்டிறைச்சியில் தாராளம். அண்டர்கட்டுக்கு வசதியில்லாதவர்கள் வாங்கும் கழுத்து, கால் துண்டுகளிலும் அந்தச் சத்து உண்டு. வேகத்தான் நேரமாகும்.