நெட் ஸ்பீடா இருந்தும் ஆப் சுத்திக்கிட்டே இருக்கா? பின்னணியில் இருக்கும் 'ஓஆர்எம்' கணக்கு!

போன்ல நெட் நல்லா இருக்கு. யூடியூப் வீடியோ தடங்கல் இல்லாம ஓடுது. ஆனா ஷாப்பிங் ஆப்பில் 'மை ஆர்டர்ஸ்' பக்கத்தைத் தொட்டால் மட்டும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இதுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் சாப்ட்வேர் துறையினர் பல வருஷமா வாக்குவாதம் செய்யும் ஒரு காரணம்தான் ஓஆர்எம்.

அதென்ன ஓஆர்எம்?

ஆப் காட்டும் தகவல்கள் சர்வரில் உள்ள டேட்டாபேஸில் அட்டவணைகளாக இருக்கும். ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்த முறை இது. ஆர்டர்களுக்கு ஒரு அட்டவணை, கடைகளுக்கு இன்னொரு அட்டவணை. ஆனா ஜாவா, பைத்தான் மாதிரி மொழிகளில் புரோகிராம் எழுதுறவங்க 'ஆப்ஜெக்ட்' கணக்கில் யோசிப்பாங்க. அங்கே ஆர்டருக்குள்ளேயே கடையும் இருக்கும்.

இந்த இரண்டையும் இணைக்க ஒவ்வொரு முறையும் எஸ்க்யூஎல் கட்டளையைக் கையால் எழுத வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்து தரும் மொழிபெயர்ப்பாளர்தான் 'ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பிங்', சுருக்கமாக ஓஆர்எம். ஜாவாவில் ஹைபர்னேட், பைத்தானில் ஜாங்கோ, பிஎச்பியில் லாராவெல் என எல்லாப் பக்கமும் இது உண்டு.

நேரம் எங்கே போகுது?

மொழிபெயர்ப்புன்னாலே கொஞ்சம் நேரம் பிடிக்கும். பெயர் மட்டும் கேட்ட இடத்தில் முகவரி, விவரக்குறிப்பு என முழு வரிசையையும் அள்ளிக்கொண்டு வரும். எதாவது மாறியிருக்கா என்று பார்க்க ஒரு நகலையும் மெமரியில் வைத்திருக்கும். இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கு. அதற்குத் துறையில் வைத்திருக்கும் பெயர் 'என் பிளஸ் ஒன்'.

மளிகைக் கடைக்குப் போறீங்க. 50 பொருள் வேணும். லிஸ்ட் எழுதி ஒரே தடவையில் வாங்கி வரலாம். இல்லைன்னா பருப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடைன்னு 50 தடவை நடக்கலாம். ஓஆர்எம்மிடம் சரியாகச் சொல்லாவிட்டால் அது இரண்டாவது வேலையைத்தான் செய்யும். முதலில் 50 ஆர்டர்களைக் கொண்டு வர ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொரு ஆர்டரின் கடைப் பெயருக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி. மொத்தம் 51.

சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் போய்வர ஒரு நடைக்கு 2 மில்லி நொடி என்று வையுங்கள். 51 நடைக்கு 102 மில்லி நொடி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. டேட்டாபேஸ் வேறு ஊர் சர்வரில் இருந்து, ஒரு நடைக்கு 30 மில்லி நொடி ஆனால்? ஒன்றரை நொடி காலி. இரண்டு அட்டவணையையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் ஒரே நடையில் முடிஞ்சிருக்கும்.

டெஸ்டிங்கில் ஏன் மாட்டலை?

இதுதான் விஷயத்தின் குசும்பு. புரோகிராம் எழுதுபவரின் லேப்டாப்பில் டேட்டாபேஸும் அதே மெஷினில் இருக்கும். நடைக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய பூஜ்யம். சோதனைக்கு 10 ஆர்டர் போட்டுப் பார்த்திருப்பார். பக்கம் பட்டுன்னு திறக்கும். கோடிலும் தப்பு தெரியாது. கடைப் பெயரைக் கேட்கும் அந்த ஒரு வரி, பார்க்க சாதாரண வரி மாதிரியே இருக்கும். அதுக்குப் பின்னாடி டேட்டாபேஸுக்கு ஒரு பயணம் போகுதுன்னு எங்கேயும் எழுதியிருக்காது. ஆப் வெளியாகி, மக்கள் ஆயிரக்கணக்கில் வந்த பிறகுதான் வட்டம் சுத்த ஆரம்பிக்கும்.

அப்போ தூக்கி எறிஞ்சிடலாமா?

அவசரப்பட வேண்டாம். புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு இந்தச் சிக்கல் வந்தது. மைக்ரோசாஃப்டின் 'லிங்க் டு எஸ்க்யூஎல்' என்ற ஓஆர்எம் தங்கள் பக்கங்களுக்குப் போதிய வேகம் தரவில்லை என்று, அங்கிருந்த பொறியாளர்கள் 2011-ல் 'டாப்பர்' என்ற சிறிய கருவியை வெளியிட்டார்கள். எஸ்க்யூஎல்லை மனிதர் எழுதுவார். வந்த பதிலை ஆப்ஜெக்டாக மாற்றும் வேலை மட்டும் டாப்பருக்கு. ஆனா பழையதை ஒரே நாளில் தூக்கிப் போடவில்லை. வேகம் முக்கியமான இடங்களில் டாப்பர், மற்ற இடங்களில் பழைய கருவி என்றுதான் ஓட்டினார்கள்.

அதுதான் நியாயமான கணக்கு என்று தோன்றுகிறது. ஓஆர்எம் மிச்சம் பிடிக்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. பயனர் தட்டச்சு செய்வதைக் கட்டளையோடு கலக்காமல் தனியே அனுப்புவதால், டேட்டாபேஸைத் திருடும் 'எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்' தாக்குதலையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தினமும் நாலு பேர் பார்க்கும் அட்மின் பக்கத்துக்காக அதையெல்லாம் விட்டுக்கொடுப்பது வீண். எல்லாரும் திறக்கும் முகப்புப் பக்கம், ஆர்டர் பட்டியல், லட்சக்கணக்கான வரிசைகளைக் கூட்டிக் கழிக்கும் மாதாந்திர ரிப்போர்ட் என்றால் கையால் எழுதிய எஸ்க்யூஎல்லுக்கு மதிப்பு உண்டு.

ஒரு பக்கம் திறக்க எத்தனை கேள்வி போகுது என்று முதலில் எண்ண வேண்டும். ஜாங்கோவில் 'டீபக் டூல்பார்' அதைத் திரையிலேயே காட்டும். ரெயில்ஸ், லாராவெல் இரண்டிலும் இப்போது ஒரு கண்டிப்பான வசதி இருக்கு. சொல்லாமல் தனி நடை போனால் எரர் காட்டி நிறுத்திவிடும்.

உங்க போன்லயே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? உறுதியாக முடியாது. ஆனா வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் ஒரே அளவு தாமதம், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும், உங்க ஆர்டர் பட்டியல் நீள நீள அது கூடிக்கிட்டே போகுதுன்னா, சந்தேகம் சர்வர் பக்கம்தான். கேஷ் அழிச்சும் பயன் இல்லை, புது போன் வாங்கியும் பயன் இல்லை. எந்தப் பக்கம், எத்தனை ஆர்டர் என்ற விவரத்தோட ஆப்பின் 'ஃபீட்பேக்'கில் எழுதிப் போடுங்க. சரி பார்க்கிறவருக்குத் தேவைப்படுற தகவல் அதுதான்.