ஆராய்ச்சிக் கட்டுரையை யாரிடம் திருத்தக் கொடுப்பது?

ஓர் ஆராய்ச்சி எப்போது முடிகிறது? சோதனைச்சாலையில் கடைசி அளவீட்டைக் குறித்துக்கொண்டு குறிப்பேட்டை மூடும்போது முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். கண்டறிந்ததைக் கட்டுரையாக எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பி, அத்துறை அறிஞர்கள் அதைப் படித்துச் சரிபார்த்து, அது அச்சில் வெளிவந்த பிறகே ஒரு கண்டுபிடிப்பு அறிவியலின் பொதுச் சொத்தாகிறது.

இந்த இரண்டாம் பாதிதான் நம்மில் பலருக்குக் கடினமாக இருக்கிறது. காரணம் மொழி. உலகின் பெரும்பாலான ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. தமிழில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆராய்ச்சி மாணவராக உயர்ந்த ஒருவர், தமக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் தமக்கு அவ்வளவு பழக்கமில்லாத மொழியில் எழுத வேண்டியிருக்கிறது. இது நமக்கு மட்டும் உள்ள இடர்ப்பாடு அன்று. ஜப்பானியருக்கும், ஸ்பானியருக்கும், நேபாளியருக்கும் இதே நிலைதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தட்சுயா அமானோவும் அவருடைய குழுவினரும் எட்டு நாட்டவரான 908 சுற்றுச்சூழல் விஞ்ஞானிகளிடம் இதைப் பற்றி விசாரித்து, 2023-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு ஒப்பிடும்போது, மற்றவர்களின் கட்டுரைகள் மொழி காரணமாக மறுக்கப்படுவது 2.5 மடங்கு வரை அதிகம். மொழியைச் செம்மைப்படுத்துமாறு கேட்கப்படுவது 12.5 மடங்கு வரை அதிகம் என்று தெரியவந்தது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே கட்டுரைகளைத் திருத்தித் தரும் நிறுவனங்கள் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. பல ஆண்டு உழைப்பை எவர் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை அறிந்து ஒப்படைக்க வேண்டாமா?

மூவகைத் திருத்தம்

'திருத்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, பிழை பார்த்தல். எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி, விடுபட்ட சொல் ஆகியவற்றை மட்டும் சரிசெய்வது இது. இரண்டாவது, மொழித் திருத்தம். வாக்கிய அமைப்பைச் சீராக்குவதும், ஒரே பொருளுக்கு ஒரே சொல்லை முழுவதும் பயன்படுத்தியிருக்கிறதா என்று பார்ப்பதும், அட்டவணையில் உள்ள எண்ணும் கட்டுரையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பதும் இதில் சேரும். மூன்றாவது, அமைப்புத் திருத்தம். எந்தப் பத்தி முன்னே வர வேண்டும், எந்த வாதம் போதிய ஆதாரமின்றி நிற்கிறது, எந்தப் படம் தேவையற்றது என்று கட்டுரையின் கட்டுமானத்தையே ஆராய்வது இது.

இம்மூன்றிற்கும் கட்டணம் வேறு. கால அளவும் வேறு. உங்கள் கட்டுரைக்கு எது தேவை என்பதை முதலில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அமைப்பே சரியில்லாத கட்டுரைக்குப் பிழை மட்டும் பார்ப்பது, சுவர் விரிசல் கண்ட வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது.

ஒரு சொல் இடம் மாறினால்

திருத்துபவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இதைத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

'மருந்து கொடுத்த எலிகளில் மட்டும் எடை குறைந்தது.' இது ஒரு வாக்கியம். 'மருந்து கொடுத்த எலிகளில் எடை மட்டும் குறைந்தது.' இது மற்றொன்று. இரண்டிலும் இருப்பவை அதே சொற்கள்தாம். இலக்கணப்படி இரண்டும் சரியே. ஆனால், முதல் வாக்கியம் மருந்து பெறாத எலிகளின் எடை குறையவில்லை என்கிறது. இரண்டாவது வாக்கியமோ, எடையைத் தவிர வேறெதுவும் குறையவில்லை என்கிறது. ஓசை நயத்துக்காக ஒருவர் 'மட்டும்' என்ற சொல்லை நகர்த்திவிட்டால், ஆராய்ச்சியின் முடிவே மாறிப்போகிறது. ஆங்கிலத்திலும் இதே ஆபத்து இருக்கிறது.

'தொடர்புடையது' என்று ஆராய்ச்சியாளர் எழுதியிருப்பார். வாக்கியம் வலுவாக அமையட்டும் என்று கருதித் திருத்துபவர் அதைக் 'காரணமாகிறது' என்று ஆக்கிவிடலாம். புகையிலை பயன்படுத்துவோரிடம் ஒரு நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்பது ஒரு செய்தி. புகையிலையே அந்த நோயை உண்டாக்குகிறது என்பது வேறு செய்தி. இரண்டாவதை நிறுவுவதற்குப் பல மடங்கு சான்றுகள் வேண்டும்.

சில மாற்றங்கள் யாரும் வேண்டுமென்று செய்யாமலே நிகழ்ந்துவிடும். மைக்ரோகிராம் என்பதன் குறியீட்டில் முதலில் வருவது மியூ என்னும் கிரேக்க எழுத்து. சில கோப்புகளில் அதைப் பெறுவதற்காக ஆங்கில 'எம்' எழுத்தைத் தட்டி, அதற்குக் கிரேக்க எழுத்துருவைக் கொடுத்திருப்பார்கள். கட்டுரை முழுவதையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றினால் மியூ மறைந்து 'எம்' வந்துவிடும். 5 மைக்ரோகிராம் என்பது 5 மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தின் அளவு 1000 மடங்கு உயர்ந்துவிட்டது! துறை அறிந்த திருத்துநர் இதைக் கண்டதும் திடுக்கிடுவார். மொழி மட்டும் அறிந்தவர் பேசாமல் கடந்து போவார்.

கை பற்றிய ஒரு கட்டுரை

மனிதக் கை பொருள்களைப் பற்றும்போது தசைகளும் மூட்டுகளும் எவ்வாறு ஒருங்கிணைந்து செயற்படுகின்றன என்பது பற்றிச் சீன ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று, 2016 ஜனவரியில் 'பிளாஸ் ஒன்' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. கையின் அமைப்பு 'படைத்தவனின்' தக்க வடிவமைப்பு என்று பொருள்படும் தொடர் அதில் காணப்பட்டது. ஓர் அறிவியல் கட்டுரை கடவுளைச் சான்றுக்கு அழைப்பதா என்று உலகெங்கும் விஞ்ஞானிகள் கண்டனம் தெரிவித்தார்கள். ஆங்கிலம் தங்கள் தாய்மொழி அன்று என்றும், பரிணாமத்தின் வழியாக இயற்கை உருவாக்கியது என்பதையே தாங்கள் சொல்ல விரும்பியதாகவும் ஆசிரியர்கள் விளக்கினார்கள். ஆயினும் அறிவியல் அடிப்படை, எழுதிய விதம், மொழி ஆகியவற்றில் உள்ள குறைகள் மதிப்பீட்டின்போது சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று கூறி, மார்ச் மாதத்தில் ஆய்விதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தொடரில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆகவே பிழை மட்டும் பார்ப்பவர் அதைத் தொட்டிருக்க மாட்டார். நல்ல திருத்துநரோ, 'இச்சொல் கடவுளைக் குறிக்கும். தாங்கள் கருதுவது இதுதானா?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருப்பார்.

கேள்வி கேட்பவரைத் தேடுங்கள்

நல்ல திருத்துநரை அடையாளம் காணும் வழி இதுதான். அவர் ஐயமுள்ள இடத்தில் தாமே முடிவு செய்துவிட மாட்டார், உங்களைக் கேட்பார். ஆதலால், கட்டுரை முழுவதையும் கொடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு பக்கங்களை மாதிரியாகத் திருத்தித் தரச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் இதற்கு இசைகின்றன. முன்னுரைப் பக்கத்தைக் கொடுக்க வேண்டாம். முடிவுகளை விவாதிக்கும் பகுதியிலிருந்து கொடுங்கள். நுட்பமான கூற்றுகள் இருப்பது அங்கேதான். ஒரே பக்கத்தை இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை திருத்தங்கள் செய்திருக்கிறார் என்று எண்ணாதீர்கள். என்ன கேள்விகள் கேட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கட்டுரையைத் திருத்தப்போகிறவர் எந்தத் துறையில் பயின்றவர்? தாவரவியல் கட்டுரையைத் தாவரவியல் அறிந்தவர் பார்ப்பாரா? அவருக்கு ஏதேனும் தேர்ச்சிச் சான்று இருக்கிறதா? உயிர் அறிவியல் திருத்துநர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்க அமெரிக்காவில் 1991-இல் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. இத்தகைய சான்று இல்லாதவர்களிலும் திறமையானவர்கள் உண்டு. இருந்தால் நல்ல அடையாளம் என்று கொள்ளலாம்.

செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி, சேர்த்தது வேறு நிறத்திலும் நீக்கியது அடித்த கோட்டுடனும் இருக்குமாறு கட்டுரை திரும்பி வருமா? மாற்றங்களைக் காட்டாமல் 'சுத்தமான படி' ஒன்றை மட்டும் அனுப்புவோரை ஏற்காதீர்கள். 'மட்டும்' எங்கே நகர்ந்தது என்று அதில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கட்டுரை வெளியாகும் வரை அதன் இரகசியம் காக்கப்படும் என்று எழுத்தில் உறுதி தருவார்களா? மதிப்பீட்டாளர்கள் திருத்தம் கேட்டால், இரண்டாம் முறை பார்ப்பதற்கும் கட்டணம் உண்டா? இவற்றையெல்லாம் பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

'வெளியிட்டுத் தருகிறோம்' என்றால்

சிலர் திருத்துவதோடு நிற்பதில்லை. 'கட்டுரையை எங்களிடம் கொடுங்கள், ஆய்விதழில் வெளிவரச் செய்வது எங்கள் பொறுப்பு' என்கிறார்கள். இதைக் கேட்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், எச்சரிக்கை அடையுங்கள்.

2015 மார்ச்சில் லண்டனைச் சேர்ந்த பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பீடுகள் பொய்யானவை என்று தெரியவந்ததே காரணம். பல ஆய்விதழ்கள், கட்டுரையை மதிப்பிடத் தகுந்த அறிஞர்களின் பெயர்களைத் தருமாறு ஆசிரியரையே கேட்பது வழக்கம். இந்த வழக்கத்தில் ஓர் ஓட்டையைச் சிலர் கண்டார்கள். அறிஞர்களின் பெயரோடு பொய்யான மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்தார்கள். இதழாசிரியர் அனுப்பிய கட்டுரை அறிஞரிடம் போகாமல் அவர்களிடமே திரும்பி வந்தது. தங்கள் கட்டுரைக்குத் தாங்களே பாராட்டு எழுதி அனுப்பினார்கள்! மொழித் திருத்தமும், கட்டுரையை அனுப்பும் உதவியும் அளிக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் இதில் சிலவற்றைச் செய்ததாகத் தெரிகிறது என்று பதிப்பகம் அறிவித்தது. கட்டுரையாசிரியர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது தெளிவாகவில்லை என்றும் அது கூறியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பிரிங்கர் பதிப்பகம் 64 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2017 ஏப்ரலில் 'டியூமர் பயாலஜி' என்ற ஒரே ஆய்விதழிலிருந்து 107 கட்டுரைகள் நீங்கின. அச்சில் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டால், அந்தச் செய்தி ஆசிரியரின் பெயருடன் என்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'எனக்குத் தெரியாது, தரகர் செய்தார்' என்ற விளக்கம் யாருக்கும் எட்டாது.

ஒரு கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் இதழாசிரியரின் உரிமை. வேறு எவரும் அதற்கு உறுதி தர இயலாது. பெரிய பதிப்பகங்கள் சில தாமே திருத்தச் சேவை நடத்துகின்றன. அச்சேவையைப் பெறுவதால் கட்டுரை ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை என்று அவையே தெரிவிக்கின்றன. எனவே, கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் வேலையையும், கடவுச்சொல்லையும், மதிப்பீட்டாளர் பெயர்களைத் தரும் பொறுப்பையும் எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காதீர்கள்.

இயந்திரம் திருத்தலாமா?

இன்று கணிப்பொறி நிரல்களும் திருத்துகின்றன. இலக்கணப் பிழைகளைக் காட்டுவதில் அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால், பொருளுக்கு அவை பொறுப்பேற்பதில்லை. பிறர் எழுதியதை எடுத்துக்கொண்டு, கண்டுபிடிக்கப்படாமலிருக்கச் சொற்களை மட்டும் மாற்றித் தரும் நிரல்களும் உண்டு. இவை விட்டுச் செல்லும் தடங்களை 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் ஆகிய மூவர் திரட்டினார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'கள்ள உணர்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராகவும், 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சின் ஆபத்து' என்பது போன்ற தொடராகவும் மாறியிருந்தன! 'சித்திரவதைக்கு உள்ளான தொடர்கள்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள்.

ஆகவே, உங்கள் கட்டுரையை மனிதர் திருத்துவாரா, நிரல் திருத்துமா என்று நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். நீங்களே நிரலைப் பயன்படுத்தினால், ஆய்விதழின் விதியைப் படித்து, அதன்படி அதைக் குறிப்பிடுங்கள்.

நன்றியும் பொறுப்பும்

திருத்திக் கொடுத்தவரைக் கட்டுரையாசிரியர்களுள் ஒருவராகச் சேர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழு, பின்னர் அனைத்துலகக் குழுவாக வளர்ந்து, இதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. மொழித் திருத்தம் மட்டும் செய்தவர் ஆசிரியர் ஆகமாட்டார். நன்றியுரையில் அவரைக் குறிப்பிடலாம் என்பது அந்நெறி. இதன் மறுபக்கமும் உண்டு. கட்டுரையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

பணம் செலவிட இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். உங்கள் துறையில் பலமுறை எழுதி வெளியிட்ட மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பொறுமையாகப் படித்துக் கேட்கும் பத்துக் கேள்விகள், துறை தெரியாத நிறுவனம் செய்யும் நூறு திருத்தங்களைவிடப் பயனுள்ளவை. வளரும் நாடுகளின் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதுவதில் இலவசமாக வழிகாட்டுவதற்கென்றே 'ஆத்தர்எய்ட்' என்னும் திட்டம் 2007-இல் தொடங்கப்பட்டது.

யார் திருத்தினாலும் கடைசி வேலை உங்களுடையது. திருத்திய படி வந்ததும் மூலப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணையும், அலகையும், 'மட்டும்', 'இல்லை', 'கூடும்' போன்ற சொற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியம் ஏன் மாறியது என்று புரியவில்லையென்றால் அதை ஏற்காதீர்கள், கேளுங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகலாம். நீங்கள் கண்டது வேறு, அச்சில் வந்தது வேறு என்று ஆகாமல் காப்பது அந்த ஒரு மாலைப் பொழுதுதான்.