அச்சு முறிந்த ஊரில் ஒரு சிறு யந்திரம்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்து நின்ற இடமே எங்கள் அச்சரப்பாக்கம் என்பது ஐதிகம். பழுது பார்க்கும் தொழில் எனக்கு வாய்த்ததும் அதனால்தானோ என்னவோ!

அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர் ‘கேம் பாய்’ ஒன்றைக் கொணர்ந்தார். ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி அது. காலஞ்சென்ற தமையனாருடையதாம்.

உள்ளே மறந்துவிடப்பட்ட நான்கு பாட்டரிகளும் கசிந்து, தகடுகளில் வெண்ணிறப் பொருக்குப் படிந்திருந்தது. அல்கலைன் பாட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. ஆகவே வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்தேன், நுரைத்து அடங்கியது. பின்னர் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டேன். கருவி உயிர் பெற்றது.

ஆனால் அவர் வேண்டியது வேறொன்று. அண்ணன் இறுதியாக ஆடி நிறுத்திய கட்டம் காட்ரிட்ஜினுள் பதிவாகியிருந்தது. அப்பதிவைக் காப்பது 3 வோல்ட் பொத்தான் பாட்டரி ஒன்றே. அது தீர்ந்தாலும், நாமே கழற்றினாலும், பதிவு அழிந்துபோகும். அளந்து பார்த்தேன்: 2.6 வோல்ட்! இனித் தாமதிக்கலாகாது.

காட்ரிட்ஜைப் படிக்கும் கருவியின் துணையால் பதிவை முதலில் கணிப்பொறியில் படியெடுத்தோம். அதன் பின்னரே பழைய பாட்டரியை நீக்கினேன். புதியதன்மேல் நேரே சூடு வைத்தல் ஆபத்து. தகடு பொருத்தி வரும் வகையையே வாங்கிச் சால்டர் செய்தேன். பதிவைத் திரும்ப ஏற்றினோம்.

மாணவர் விசையைத் தள்ளினார். தமையனாரின் பெயர் திரையில் தோன்றிற்று. அவர் ஆடவில்லை, சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு அணைத்தார்.