நனைந்த குவியலும் வெள்ளைக் காரும்



ஆனி மாதச் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் மேலகரம் வழியே குற்றாலம் செல்லும் சாலையில் வாகனங்கள் எறும்புச் சாரையாய் ஊர்ந்து செல்லும். அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் இளைஞர்கள், அவற்றுள் எத்தனை ஜெர்மானியக் கார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். முன்னாளில் அது வெறும் வேடிக்கை. இப்போதோ அவர்களது பேச்சு வேறு விதமாக இருக்கிறது. "பத்து வருடம் ஓடியதாக இருந்தால், புதிய சின்னக் காரின் விலைக்கே கிடைக்கிறதாம்!"

அந்தப் பேச்சு பொய்யன்று. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் மூன்றாம் வரிசைக் கார், 2012 ஜூலையில் புதிய வடிவில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அதன் விலை ஏறத்தாழ 29 இலட்சம் ரூபாயில் தொடங்கியது. அதே கார் பத்தாண்டுகள் கழித்து அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கைமாறுகிறது. பென்ஸ் சி வகுப்பும் ஆடி ஏ4 காரும் ஏறக்குறைய இதே கதிதான். நடுத்தர அளவும், சொகுசும், பாய்ச்சலும் ஒருங்கே அமைந்த இத்தகைய செடான் கார்களின் மீது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்படும் மோகத்தை, இனி வீட்டுப் பெரியவர்கள் நகைத்துத் தள்ளிவிட இயலாது. பணம் கேட்டு வருவார்கள். ஆலோசனை கேட்டும் வருவார்கள்.

மொபெட் வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத மத்ரஸா ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் சகோதரியின் மகன் 2024-ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். ஜித்தாவில் அரபி ஒருவரின் இல்லத்தில் பதினோராண்டுகள் வீட்டு டிரைவராக இருந்தவர். அந்தப் பதினோராண்டுகளும் அவர் கையில் இருந்தது பிறருடைய பி.எம்.டபிள்யூ. ஊரில் பாதி எழும்பிய வீடு. பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் மக்கள். வங்கியில் உழைத்துச் சேர்த்த ஒரு தொகை. "மாமா, ஒருமுறையேனும் என் பெயரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் கூட வாருங்கள், நீங்கள் வந்தால் உம்மா மறுக்க மாட்டார்கள்" என்றார். தகவலுக்காக அன்று, சாட்சிக்காகவே என்னை அழைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. எனினும் உடன் சென்றேன்.

அந்தக் காரில் அப்படி என்ன இருக்கிறது என்று வழியில் வினவினேன். சாதாரணச் சிறு கார்களில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இதிலோ பின்சக்கரங்கள் உந்துகின்றன. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே. என்ஜினைச் சற்றே பின்தள்ளி அமைத்திருப்பதால் வண்டியின் பாரம் முன்னச்சின் மீதும் பின்னச்சின் மீதும் ஏறத்தாழச் சரிபாதியாக அமர்கிறது. 320டி என்னும் டீசல் வகையில் இரண்டு லிட்டர் என்ஜின் 184 குதிரைத்திறன் தருகிறது. வளைவில் திருப்பும்போது வண்டி தன்னை மீறி ஓடாமல் நினைத்த கோட்டிலேயே நிற்கும் என்று அவர் விளக்கினார். இவை நம் தமிழகத்திலேயே, செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆலையில் பொருத்தப்படுகின்றன என்பது எனக்குப் புதிய செய்தி.

இங்கே ஒன்றை உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். கார் பழையதாகும்போது அதன் விலை குறைகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. பத்து இலட்சத்துக்கு வாங்கிய காருக்கும் 40 இலட்சத்துக் காருக்குரிய உதிரிப் பாகமே வேண்டும். பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய 'ரன்பிளாட்' டயர்களை நம்பி இக்கார்களில் பலவற்றில் ஸ்டெப்னியே வைப்பதில்லை. அந்த டயர் ஒன்றின் விலைக்குச் சாதாரண டயர் இரண்டு வாங்கலாம். இந்நிறுவனத்தின் 'என்47' என்னும் டீசல் என்ஜினில், அதிலும் 2007 முதல் சில ஆண்டுகள் வெளிவந்தவற்றில், டைமிங் செயின் தேய்ந்து அறுபடும் குறை உலகறிந்தது. அந்தச் செயின் என்ஜினின் முன்பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதை எட்டுவதற்கே இறக்கி ஏற்றும் கூலி பெருந்தொகை. கியர்பாக்ஸ் ஆயிலோ ஆயுளுக்கும் மாற்ற வேண்டாதது என்று விற்பவர் சொல்லுவார். எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கார் விற்றவனின் ஆயுள் கணக்கும், கியர்பாக்ஸ் செய்தவனின் ஆயுள் கணக்கும் வெவ்வேறு போலும்! இத்தனைக்கும் மேலாக, இதற்கென்றே உள்ள பெரிய ஒர்க்‌ஷாப்பை நாடி நாம் மலை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ, 150 கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கோ செல்ல வேண்டும்.

ஆகவே காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வைக்க இயலாதவர், அந்தக் காரைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. என் மருமகனிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. மறுநாள் கணக்கெழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக் கட்டுமானப் பணத்தில் கைவைக்காமல் இரண்டு இலட்சத்தைத் தனியே காட்டினார்.

முதலில் நாங்கள் பார்த்தது ஒரு தரகரின் இடத்தில் நின்ற வெள்ளைக் கார். 2013-ஆம் ஆண்டு மாடல். மேனியில் கீறல் இல்லை. கண்ணாடியில் தூசி இல்லை. கதவைத் திறந்ததும் அத்தர் கடைக்குள் நுழைந்தது போல் மணம். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மருமகனோ முன்னிருக்கையில் அமர்ந்து, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தார். நாள்தோறும் வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் செம்மண் கோடு. அடுத்து டிக்கியின் விரிப்பைத் தூக்கினார், அடியில் துரு. இந்த வகைக் கார்களில் பேட்டரியே டிக்கிக்குள் இருப்பதால் அங்கே நீர் புகுந்தால் விபரீதம். காலடி விரிப்பின் கீழும் மின்னணுப் பெட்டிகள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய காரைக் காயவைத்து மெருகேற்றினால் ஓடத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு கருவியாகக் கண்மூடும்.

2015 டிசம்பரில் சென்னையும், 2018 ஆகஸ்டில் கேரளமும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தாமிரவருணிக் கரையும் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளங்களில் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் எங்கே சென்றன? அவற்றுள் பல இன்ஷூரன்ஸ் கணக்கில் கழிக்கப்பட்டு, மலிவாக ஏலம் போய், மீண்டும் மெருகேறி நின்றன.

மருமகன் பெல்ட்டைத் தரகரிடம் காட்டினார். அவர் சற்றும் தயங்காமல், "மழை பெய்தது, நாம் என்ன செய்ய முடியும் பாய்?" என்றார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்கு நடத்தும் பாடம் அது. மதீனத்துக் கடைவீதியில் குவித்து வைக்கப்பட்ட தானியத்துக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள், விரல்கள் ஈரமாயின. வியாபாரியை வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதாக அவர் கூறினார். அப்படியாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கண்டித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அதே மழை, அதே பதில்!

பொருளின் குறையை மறைத்து விற்றால், அதைக் கண்டறிந்து திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐபு' என்று பேசுகின்றன. நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமோ, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்னும் கொள்கையிலிருந்து தொடங்கிப் பிறகே விதிவிலக்குகளைச் சொல்கிறது. 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று தரகர்கள் எழுதி வாங்கும் வரி, அறிந்தே மறைத்த பாவத்தை மூடாது. இதை வாங்குவோருக்கு மட்டும் நான் எழுதவில்லை. நம்மில் பழைய கார் விற்பவர்களும் பலர் உளர்.

நம்மவர்க்கு இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்க்கிறோம், நல்லதே. ஆனால், கடன் தரும் வங்கி தன் பணத்துக்காகவேனும் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பி வண்டியைச் சோதிக்கும். ரொக்கம் கொடுக்கும் நமக்கு அந்தக் காவலும் இல்லை. சில ஆயிரம் ரூபாய் கூலி கொடுத்து, கம்ப்யூட்டர் இணைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரை முன்பலகையில் திருத்துவது எளிது. ஆனால் இக்கார்களில் அந்தக் கணக்கு வேறு மின்னணுப் பெட்டிகளிலும், சாவியிலும்கூடப் பதிவாகியிருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களை நீங்களே படிக்கலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் கோளாறு. எந்த ஓட்டத்துக்காக இக்காரை விரும்புகிறோமோ அந்த ஓட்டமே போயிற்று எனக் கொள்க. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சென்று முதல் முறை முடுக்கும் ஓசையைக் கேளுங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் சொல்லாமல் செல்லுங்கள்.

கே.எல். எண் பலகையுடன் புளியரை வழியே வரும் கார்கள் மலிவாகத் தோன்றும். அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே ஆயுட்கால வரி கட்டி, டி.என். 76 என்று மறுபதிவு செய்யும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். டில்லிக் கார்களும் அவ்வாறே. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை அங்கே ஓட்டலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பின், அவை தெற்கு நோக்கி வந்தன. பழைய கடன் தீர்ந்து ஆர்.சி. புத்தகத்தில் நீக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். விற்பவருக்கும் ஒரு சொல்: படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர்கள். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ, விபத்து நட்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்று மாதத் தேடலுக்குப் பிறகு நாகர்கோவிலில் ஒரு கார் அமைந்தது. சகோதர சமயத்தைச் சார்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் அதன் உரிமையாளர். 2014 மாடல். நாங்கள் கேட்குமுன்பே அவர் ஒரு தாளை நீட்டினார். முன்பக்கப் புஷ்கள் தேய்ந்துவிட்டன. இடப்பக்கக் கதவு ஒருமுறை தட்டி நிமிர்த்தப்பட்டது. கியர்பாக்ஸ் ஆயில் 90,000-இல் மாற்றப்பட்டது, பில் உள்ளது என்று வரிசையாக எழுதியிருந்தார். பத்தே முக்கால் இலட்சம் கேட்டார். புஷ்களுக்காக நாற்பதாயிரம் குறைத்துக்கொண்டார். வாங்கி வந்த மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்து, பின்புறக் கேமரா மழைக்காலத்தில் சில நேரம் மங்கும் என்பதைத் தாளில் எழுத மறந்துவிட்டதாக வருத்தம் தெரிவித்தார்.

ஒதுக்கி வைத்த இரண்டு இலட்சத்தில் அறுபதாயிரம் முதல் மாதத்திலேயே கரைந்தது. மேலகரத்து வேகத்தடைகளில் வண்டி வயிறு உரசுகிறது. தாழ்வான இருக்கையிலிருந்து எழ முழங்கால் வலிக்கிறது என்று என் சகோதரி குறை சொல்கிறார். அண்மையில் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, செங்கோட்டை தாண்டிப் புளியரை மலை வளைவுகளில் என்னை அழைத்துச் சென்றார் மருமகன். லாரிகள் இன்னும் இறங்கத் தொடங்காத நேரம். பேருந்தில் அவ்வளைவுகளைக் கடக்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பற்றுவது என் வழக்கம். அன்று ஆரியங்காவு வந்த பிறகுதான், என் இரு கைகளும் மடியிலேயே இருந்ததைக் கவனித்தேன்.