ஈஸ்ட்ரோஜன்: அளவா, அது உடையும் பாதையா?

ஒரு ஹார்மோன் வேலையை முடித்ததும் உடம்பு அதை அப்படியே வெளியே தள்ளிவிடாது. கல்லீரலும் மற்ற திசுக்களும் அதைப் படிப்படியாக மாற்றி, நீரில் கரையும்படி செய்து, பிறகுதான் பெரும்பகுதியைச் சிறுநீரில் அனுப்பும். இதுதான் ஹார்மோன் வளர்சிதை மாற்றம். இந்த வழியில் நடுவே உருவாகும் பொருள்கள் புற்றுநோய்க்குக் காரணமாகுமா?

ஈஸ்ட்ரோஜனையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சில் என்ற சின்னத் துண்டு எந்த எண்ணுள்ள இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து மூன்று முக்கியப் பாதைகள் உண்டு.

2-ஆம் இடம்: கிடைக்கும் பொருளுக்கு ஹார்மோன் வீரியம் குறைவு. சீக்கிரம் வெளியேறிவிடும்.

16-ஆம் இடம்: மாறிய பிறகும் இது ஈஸ்ட்ரோஜன் போலவே செல்லைத் தூண்டும்.

4-ஆம் இடம்: இதுதான் கொஞ்சம் வில்லங்கமான ஆள். மார்பகத் திசுவிலும் இருக்கும் சிஒய்பி1பி1 என்ற என்சைம் இதை உருவாக்குகிறது. இது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் குயினோனாக மாறி, டிஎன்ஏவில் ஒட்டி அதைச் சேதப்படுத்தும். அதற்கு முன்பே சிஓஎம்டி என்ற இன்னொரு என்சைம் மெத்தில் துண்டை ஒட்டிவிட்டால் ஆபத்து தணியும்.

1980-களில் ஒரு கருதுகோள் வந்தது. 2-க்கும் 16-க்கும் உள்ள விகிதம் குறைந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடும் என்றார்கள். ஒரு சிறுநீர் டெஸ்ட், ஒரே எண். கேட்கவே அழகா இருக்கு இல்லையா? முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் இருந்து கிடைக்கும் இண்டோல்-3-கார்பினால் அந்த விகிதத்தை உயர்த்துவதால், அது மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது.

ஆனால் நோயாளிகளிடம் மட்டும் இந்த விகிதத்தை அளந்தால் போதாது. நோயோ சிகிச்சையோகூட அதை மாற்றியிருக்கலாம். அதனால் ஆரோக்கியமான பெண்களின் மாதிரியைச் சேமித்துவைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று பல வருஷம் காத்திருந்து பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மொத்த அளவு விஷயத்தில் கதையே வேறு. 2002-இல் இதே மாதிரியான 9 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களை ரத்த எஸ்ட்ராடையால் அளவுப்படி ஐந்து பங்காகப் பிரித்தால், மேல் பங்கில் இருப்பவர்களுக்கு அடிப்பங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்து.

சினைப்பை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருது? பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்து. அங்கே அரோமட்டேஸ் என்ற என்சைம் ஆண் வகை ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்ட இது ஒரு முக்கியக் காரணம். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் தடுப்பதும் இதே என்சைமைத்தான்.

ஆக, உற்பத்திப் பக்கம் உறுதியான ஆதாரம் இருக்கிறது. வெளியேறும் பக்கம் 4-ஆம் பாதைக்கு நம்பத்தகுந்த வேதியியல் இருந்தாலும், ஒருத்தருடைய ஆபத்தைக் கணிக்கும் அளவுக்கு அது வளரவில்லை. முட்டைக்கோஸ் பொரியல் தாராளமா சாப்பிடுங்க. விகிதத்தைச் சரிசெய்கிறேன் என்று மாத்திரை வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்க. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் எந்த விகிதத்துக்கும் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்க.