அரோராவின் அக்கா உஷா

2024 மே மாதம் லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்ததிலிருந்து, அந்த ஒளியின் பெயரான ‘அரோரா’ என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நூம்பல் வாசகி ஒருவர் கேட்கிறார்: “நம்ம அரோகராதான் அரோரா ஆச்சுன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?”

இல்லைம்மா. அரோகரா, சிவனின் ‘ஹர’ என்ற பெயரை ஒட்டியது. அரோரா, லத்தீனில் விடியல் தேவி. அவளுக்கு உண்மையான உறவு, காதுக்குக் கொஞ்சமும் ஒட்டாத வேதத்து உஷஸ், அதாவது நம் வீட்டு உஷா. கிரேக்கத்து ஈயோஸும், கிழக்கைக் குறிக்கும் ஆங்கில ‘ஈஸ்ட்’டும் அதே குடும்பம். வேர்ப்பொருள் ‘ஒளிர்தல்’.

இந்த மொழிகளின் உறவை 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசினார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் காட்டினார். வரலாறு இதுபோதும். ‘ஸ’ எப்படி ‘ர’ ஆனது என்பதல்லவா அழகு!

தொண்டையில் விரல் வைத்து ‘ஆ’ என்று சொல்லுங்கள், அதிரும். ‘ஸ்ஸ்’ என்றால் அதிர்வு நின்றுவிடும். அரோராவின் பழைய வடிவம் ‘அவுஸோஸா’. உயிரொலிகளுக்கு நடுவே ஸ. அதிர்வை நிறுத்தி, உடனே மறுபடி தொடங்க வேண்டும். விடியற்காலையில் போர் மோட்டார் போடுகிறவர், ஒரு தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைக்கிறாரா? ஓடவிட்டபடியே வால்வைத் திருப்பி அடுத்த தொட்டிக்கு விடுகிறார். தொண்டை மோட்டார், நாக்கு வால்வு. மோட்டார் நிற்காததால் ஸ வண்டுபோல் இரைந்தது. வால்வும் நாளடைவில் தளர்ந்தது. நாக்கு நுனி லேசாகத் தட்டி விலக, ர பிறந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்த மாற்றம் இது. கிரேக்கர் வாயிலோ அந்த ஸ கரைந்தே போய்விட்டது.

மோட்டாரை அணைக்காத இந்தச் சோம்பல் நமக்கும் உண்டு. ‘காலை’ என்பதில் வல்லென்று ஒலிக்கும் க, ‘பகல்’ என்பதில் உயிர்களுக்கு நடுவே மெலிகிறது. அதே தொண்டை, அதே மோட்டார்!

நம் ‘விடியல்’ இந்தக் குடும்பத்தில் சேராது. கஷ்டம் தீர்வதையும் ‘விடிவுகாலம்’ என்கிறோம். அவர்கள் சொல் ஒளி வருவதைப் பார்த்தது. நம் பேச்சில் இருள் கழிவதும் சேர்ந்தே கேட்கிறது.

மறுபடி ஸ, ர கதைக்கு வருவோம். லத்தீனில் பூ ‘ஃப்ளோஸ்’, பூவின் என்றால் ‘ஃப்ளோரிஸ்’. அங்கேயும் ஸ, ர ஆகிறது. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல். வரிசையாக நடந்தால் விதி. அடுத்த முறை இப்படியொரு ஃபார்வர்டு வந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள்: “இதே மாற்றம் வேறெந்தச் சொல்லில் நடந்திருக்கிறது?”